பாப்பாவின் சென்ட்

சென்ட்டை மணிக்கட்டில் அடித்ததும் தேய்க்கக் கூடாது. பெரும்பாலான பெண்கள் தேய்த்துவிடுகிறார்கள். தேய்த்தால் கசங்கிய பூவின் வாசனைதான் மிஞ்சும். காயும்வரை கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது அம்மா.

நான் 'அம்மா' என்று எழுதும் இடத்திலெல்லாம் நீங்கள் கோடு போட்டு 'இறந்துபோனவர்' என்று திருத்திக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நான் திருத்த மாட்டேன். காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுவதற்குக் காரணம் பயம் இல்லை. ஒருவருக்கு ஒரு பாட்டில் சென்ட் வாங்கிக் கொடுத்தது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீங்கள் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த வீட்டில் ஒன்பது வருடம் வேலைக்கு இருந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை. அம்மாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் வேலை. அவர் ஒரு பெரிய கடையில் முப்பத்தொரு வருடம் பெண்களுக்கான சென்ட் விற்றவர். கண் போய்விட்டது. காதில் வாயை வைத்துக் கத்தினால் சொல் புரியும். யாருடைய குரல் என்பது தெரியாது. மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால், அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

பூவை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

"ரோஜா வாங்கறவ கண்ணாடி பாக்காம தெருவுல இறங்க மாட்டா. முல்லை வாங்கறவ எங்க போனாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துடுவா. சம்பங்கி வாங்கறவளை நம்பி எதையும் வெச்சுட்டுப் போகாத."

"நான் என்ன பூம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கெதுக்குப் பூ? உன்கிட்ட சோப்பு வாசனைதான் வருது. நீ நல்லவ."

சோப்புக்கு என்ன குணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முல்லை, அவர் மகளுக்கு வாங்கிக் கொடுத்த சென்ட். பதினெட்டு வயதில் கொடுத்தாராம். திரும்பி வருகிற குணமுள்ள அந்த மகள் வேலைக்காக வெகுதூரம் போய், கடைசியாக வந்துபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் கேட்டு, அம்மாவின் காதில் கத்துவேன். மகள் கேட்பது பெரும்பாலும் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதுதான். நான் அதோடு ஒரு முத்தத்தையும் சேர்த்துச் சொல்வேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. எனக்கே மனசு பொறுக்காமல் செய்தேன்.

நான் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது, மகளின் அலமாரியைத் துடைக்கையில் பாதி பாட்டில் முல்லை கிடைத்தது. மூடியைத் திறந்ததில் கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அந்தக் கையோடு கஞ்சி ஊட்டப் போனேன். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, வந்துட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். "வந்துட்டேம்மா" என்று கத்தினேன். ஒரு வாரமாக வாயைத் திறக்காதவர் ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் குடித்துமுடித்தார். எந்த டாக்டர் இதைச் செய்தார்?

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் சோப்பு வாசனையோடு நான் குளிப்பாட்டுவேன். தண்ணீர் சுடுகிறது, கை முரடு என்று திட்டு வாங்குவேன். மாலை நான்கு மணிக்கு முல்லை அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். காலையில் என்னைத் திட்டிய அதே வாய் என் நெற்றியில் முத்தம் கொடுக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து யாரும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. பாட்டில் தீர்ந்ததும் என் சம்பளத்தில் புதிது வாங்கினேன். ஆறு வருடம் இப்படியே போனது. நடுவில் ஒருமுறை மகள் வந்து ஐந்து நாள் இருந்தாள். அப்போது அவளும் முல்லை போடுவாள். நான் சமையலறையோடு நின்றுகொண்டேன். அந்த ஐந்து நாளும் எனக்கு ஜுரம்.

போன மாதம் திரும்பவும் வந்தாள். "அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன் அக்கா. நீங்க எவ்வளவோ கஷ்டப்பட்டுட்டீங்க" என்றாள். நல்ல பெண்தான், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். தலைவலி வருகிறதென்று இப்போது சென்ட் எதுவும் போடுவதில்லையாம். நான்தான் என்று அவள் காதில் கத்தியும் அம்மா நம்பாமல் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாரும்மா நீ? இரு, எம்பொண்ணு சாயங்காலம் வருவா."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடவில்லை. பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் அவள் சமையலறையில் வந்து அழுதாள். "முன்னாடி நான் முல்லை சென்ட் போடுவேன் அக்கா. அது இருந்தா அம்மாவுக்கு என்னைத் தெரியுமோ?"

சரியாகத்தான் யோசித்தாள். பாட்டில் என் பைக்குள், துண்டுக்கு அடியில் இருந்தது.

"அது இப்ப கடையில வர்றதில்லம்மா. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு இருக்கு. நான் வாங்கிட்டு வரேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள்.

நான் வாங்கிவந்தது சம்பங்கி.

சம்பங்கியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா கடையில் சேர்ந்த புதிதில் ஒருத்தி வந்து சம்பங்கி கேட்டாள். அம்மாதான் எடுத்துக் காட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார். மூன்று நாள் கழித்துத் துவைக்க எடுத்த புருஷன் சட்டையில் அதே வாசனை. அந்த வாரமே புருஷன் அவளோடு வீட்டைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யார் சம்பங்கி கேட்டாலும் அம்மா அடுத்த பெண்ணிடம் அனுப்பிவிடுவாராம். வாசனை வந்தாலே நெஞ்சை அடைக்கும் என்றார். மகளிடம், அப்பா செத்துப்போய்விட்டார் என்று சொல்லி வளர்த்திருக்கிறார். உண்மை தெரிந்தது எனக்கு மட்டும்தான். ஒரு தாய் இதையெல்லாம் யாரிடம் சொல்வாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை என் கையாலேயே அவளுக்கு அடித்துவிட்டேன். கழுத்தில், இரண்டு மணிக்கட்டில், முடியில். "தேய்க்காதீங்கம்மா" என்றேன். சின்னப் பிள்ளைபோலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா கத்தவில்லை. "என் வீட்டுக்குள்ளயே வந்துட்டியாடி" என்றார், தாழ்ந்த குரலில். இரண்டு கையாலும் மகளின் முகத்தைத் தள்ளினார். நகம் பட்டு அவள் கன்னத்தில் ரத்தம் வந்தது. அவள் "அம்மா, நான்தாம்மா" என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் சொல்லியிருந்தார்: தலையில் ரத்தக் குழாய் மெலிந்திருக்கிறது, அதிர்ச்சி எதுவும் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று. மகளுக்குச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் தேடும் வரி இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தேதான் செய்தேன். மகளைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது என்று ஆகிவிட்டால் கூட்டிப்போக முடியாது என்று நினைத்தேன். அதில் உயிர் போகலாம் என்பதையும் நினைத்தேன். போனால் என்னிடம் இருந்தபடியே போகட்டும், அவளிடம் போய் வாழ வேண்டாம் என்று முடிவு செய்தேன். எனக்கு வருத்தம் இல்லை. ஒன்பது வருடம் மலம் அள்ளிய கைக்கு இல்லாத உரிமை, வருகிறேன் போகிறேன் என்று போனில் சொன்ன வாய்க்கு எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. மகள் பக்கத்தில் போனால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று டாக்டர் அவளை உள்ளே விடவில்லை. அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் முல்லை அடித்துக்கொண்டு கட்டிலருகில் இருந்தேன். மறுநாள் மதியம் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். என் முல்லை வாசனை அவர் மூக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. என் கையை ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார்.

"நீயாம்மா," என்றார். குழறினாலும் தெளிவாகக் கேட்டது. "பாப்பாவைக் கூப்பிடு."

அவர் அப்படிச் சொன்னதை அங்கிருந்த நர்ஸும் கேட்டாராம். நான் எழுந்துபோய்க் கூப்பிடவில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அது உண்மை. நான் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மகளை யாராவது வராந்தாவுக்குப் போய்க் கூப்பிடுவார்களா?