குளிர்ந்த குழலின் முதல் தோட்டா

குழல் சூடாக இருந்தால் தோட்டா நேராகப் போகாது, ஐயா. துப்பாக்கி செய்வதற்கே பேர்போன எங்கள் ஃபெர்லாக்கில் ரொட்டிக் கடைக்காரருக்குக்கூட இது தெரியும். மர அறுவை மில் முதலாளி லாக்னருக்கு மட்டும் தெரியவில்லை.

தன் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை என் பட்டறைக்குக் கொண்டுவந்து, வலது குழலை ஒற்றைத் தோட்டா சுடும் ரைஃபிளாக மாற்றித் தரச் சொன்னார். இடது குழல் பழையபடி முயலுக்கு ரவை, அதாவது பொடிக் குண்டுகள், தூவும். சுடுவதற்கு இரண்டு விசைகள்: முன்விசையை இழுத்தால் தோட்டா, பின்விசையை இழுத்தால் ரவை. ஏழு மாதம் உழைத்தேன். சோதனைக் கூடத்தின் முத்திரையும் வாங்கினேன். ஒட்டிக்கிடக்கும் இரண்டு குழல்களில் ஒன்று சூடேறினால் மற்றது அதை இழுத்து வளைக்கும். ஒரு தடவை சுட்டால் ஆறவிட வேண்டும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டாலேயே துப்பாக்கிக் கட்டையில் இருந்த எண்ணெயைத் துடைத்தார், என் கண் முன்னால்.

மறுநாள் அடுத்தடுத்து மூன்று தடவை சுட்டிருக்கிறார். குறிபார்க்க வைத்த தாளில் துளைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறியிருந்தன. வேட்டைக்காரர்கள் கூடும் விடுதியில் அந்தத் தாளை ஆணியடித்து மாட்டினார். மான் சுட்டவன் தொப்பியில் செருகும் தேவதாருக் கொத்தை, காய்ந்ததாகப் பார்த்து அதன் மேல் குத்தினார்.

“நம்ம பட்டறைக்கார கிரேகோர் செஞ்ச ஏணிப்பா இது. யாருக்காவது கூரை ஏறணும்னா சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரர் வுட்டே மட்டும், “விடுங்க முதலாளி, பாவம். ஆறவிட்டுச் சுட்டா நேராத்தான் போகும்” என்றார். எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்.

ஐந்து தடவை திருப்பிக் கொண்டுவந்தார். ஐந்து தடவையும் அதே பதில், அதே சீட்டு, அதே துடைப்பு. தாள் சுவரிலேயே இருந்தது. புது வேலை கேட்டு ஒருவரும் வரவில்லை. எனக்கு வெறுத்துப் போய்விட்டது, ஐயா. எத்தனை முறைதான் ஒரு மனிதன் ஒரே விஷயத்தைச் சொல்வது?

ஆறாவது தடவை, முன்விசை இழுக்கக் கனமாக இருக்கிறதென்று வந்தார். பிரித்தேன். இரண்டு விசைகளையும் இடம் மாற்றி வைத்தேன். சீட்டிலும் தெளிவாக எழுதினேன்: ‘இனிப் பின்விசையில் தோட்டா.’ ஆகவே நான் மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. முன்கூட்டியே கொடுத்தால் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், சனிக்கிழமை காலை வேட்டைக்குக் கூடிய இடத்தில்தான் கொடுத்தேன்.

“சொன்ன நாளுல தர்றதுக்கு என்னய்யா கேடு உனக்கு?” என்றபடி சீட்டால் எண்ணெயைத் துடைத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் வேட்டைத் தலைவர் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேசுவது மரியாதையில்லை. விலங்குகளைக் கலைத்துக்கொண்டு எதிரே வருபவர்கள் பக்கம் ரவை மட்டும்தான், அதுவும் கிட்டத்தில் ஓடும் முயலுக்கு. அவர்கள் கடந்துபோன பிறகு, முதுகுப்பக்கம் வெளியேறும் பன்றிக்குத்தான் தோட்டா. அதனால் எல்லோரும் இரண்டு குழலையும் நிரப்பிக்கொண்டார்கள். கலைப்பவர்கள் வரிசையில், கம்பளிக் கோட்டின் மேல் சிவப்பு மேற்சட்டையோடு வுட்டே நின்றார். எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

முயல் கலைப்பவர்களை நோக்கித் திரும்பி ஓடியது. லாக்னர் பின்விசையை இழுத்தார். முப்பது மீட்டரில் முயல். அதற்கு நேர் பின்னால் நூற்றிருபது மீட்டரில் வுட்டே. ரவையாக இருந்திருந்தால் அவ்வளவு தூரத்தில் அவருடைய கம்பளிக் கோட்டைக்கூடத் துளைத்திருக்காது. தோட்டா முயலைத் துளைத்துக்கொண்டு போய் அவரைச் சாய்த்தது.

லாக்னரை விட்டுவிடுங்கள். அவர் ரவை என்று நம்பித்தான் சுட்டார். தோட்டாதான் வரும் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். வுட்டே சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வரிசையில் யாராவது ஒருவர் என்றுதான் நினைத்தேன்.

அந்த முயலைப் பார்த்தீர்களா, ஐயா? தோளுக்குப் பின்னால் ஒரே துளை, குறிவைத்த இடத்தில். குழல் குளிர்ந்திருந்தது. விடுதிச் சுவரில் இருக்கும் அந்தத் தாளை இனிமேலாவது எடுக்கச் சொல்லுங்கள்.