முன்சீட்டுக்காரர்

— ஏங்க, கோட்டை போயிடுச்சு.

— எந்தக் கோட்டை?

— இப்ப இடது பக்கம் போச்சே, அதுதான். வாசல்ல ரெண்டு பீரங்கி நிறுத்தியிருந்தாங்க. நீங்க அப்ப டிரைவரோட காலைப் பாத்துட்டு இருந்தீங்க.

— பின்ன என்னம்மா, கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டுறான். நம்ம டிப்போல ஒருத்தன் இப்படி ஓட்டினா மறுநாளே கூப்பிட்டு காய்ச்சி எடுத்துடுவாங்க. பிளேட் தேஞ்சு போகாது?

— தேயட்டும். தேஞ்சா உங்க சம்பளத்துலயா பிடிக்கப் போறாங்க? வருஷம் பூரா பஸ் ஓட்டுற மனுஷன், லீவு போட்டு வெளியூர் வந்து, பஸ்ல ஏறி உக்காந்து, இன்னொருத்தர் ஓட்டுறதை வேடிக்கை பாக்கிறீங்க. சமையல்காரர்கூட விருந்துக்குப் போனா அடுப்படியை எட்டிப் பாக்காம சாப்பிட்டுட்டு வருவார்.

— நீ சொன்ன டூர் பஸ்ல ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுட்டுக் கத்துவான். கொடியைத் தூக்கிட்டு முன்னாடி போவான், நாம ஆட்டு மந்தை மாதிரி பின்னாடியே ஓடணும். இறங்குங்க, போட்டோ எடுங்க, ஏறுங்க, ஏறுங்க. அதெல்லாம் ஊர் பாக்கிறதா? ஒரு ஊரை உள்ளது உள்ளபடி பாக்கணும்னா டவுன் பஸ்லதான் போகணும். ஜனங்க எங்க ஏறுறாங்க, எங்க இறங்குறாங்க, எந்த ஸ்டாப்புல நெரிசல், எந்த ஸ்டாப்புல ஈ காக்கா இல்லை... அதும்மா ஊரு!

— நல்லாப் பாத்தேன் ஊரை. காலையிலேருந்து மூணு பஸ் ஸ்டாண்டு, ஒரு டிப்போ. மத்தியானச் சாப்பாடு டிப்போ கேன்டீன்ல. அடையாள அட்டையைக் காட்டி என்னைக் கம்பீரமா உள்ள கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அந்தப் பெருமையை எங்க அக்காகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? பஸ் கழுவுற மெஷின் முன்னாடி என்னை நிக்க வெச்சு போட்டோ வேற.

— அந்த மெஷின் நம்ம டிப்போல கிடையாதும்மா! நம்ம பசங்க இன்னும் வாளியும் கையுமாத்தான் அலையுறாங்க.

— இங்க பாருங்க. சாயங்காலம் ரயில். அதுக்குள்ள ஏரியில படகு. வேற ஒண்ணும் கேக்கலை. கோட்டை, அரண்மனை, மியூசியம் எல்லாத்தையும் உங்க கிளட்ச்சுக்குத் தாரை வார்த்துட்டேன். படகு மட்டும். கல்யாணம் ஆன புதுசுல நீங்களா வாயைத் திறந்து சொன்னது. பொண்ணு காலேஜ் போயிட்டா, நான் இன்னும் கரையிலயே நிக்கிறேன்.

— போகலாம், போகலாம். இந்த பஸ் ஏரிக்கரை வழியாத்தான் போகுது. போர்டைப் பாத்துட்டுத்தானே ஏத்தினேன்.

— காலையில ஏறின பஸ்ஸும் ஏரிக்கரை வழியாத்தான் போச்சு. ஏரி வந்தப்ப நீங்க எதிர்ல வந்த பஸ்ஸோட டயருக்கு வயசு சொல்லிட்டு இருந்தீங்க.

— அது... பேச்சுவாக்குல விட்டுட்டேன்.

— யாரோட பேச்சு? உங்களுக்கு நீங்களே பேசிக்கிறதுக்குப் பேரு பேச்சா? இருக்கிற ஒத்தை சீட்டைப் பிடிச்சுட்டு, “நீ பின்னாடி உக்காரு, இங்கேருந்தாதான் டிரைவர் தெரியும்”னுட்டீங்க. பக்கத்துல உக்காந்து ஊர் பாக்கலாம்னு ஆசையா வந்தவளுக்கு உங்க சொட்டைதான் சுற்றுலாத் தலம்.

— அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பையை உங்க காலடியில வெச்சுக்கட்டுமா? நின்னு நின்னு கை விட்டுப் போகுது.

— வைம்மா, தாராளமா. என்ன, பூரா தைச்ச துணியா இருக்கு? டெய்லரா?

— ஆமாக்கா. கடைசி ஸ்டாப்புல ஒரு வீட்டுக்குக் குடுக்கணும்.

— அதுவரைக்கும் நின்னுட்டேவா வருவே?

— பாத்தியா, பாத்தியா! மஞ்சள் லைட்டைப் பாத்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறான் பாரு. இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?

— ஏம்மா, ஏரிக்கரை இன்னும் எவ்வளவு தூரம்?

— அடுத்த ஸ்டாப்தான் அக்கா. அதோ அந்தப் பாலம் தாண்டினதும்.

— ஏங்க. அடுத்த ஸ்டாப்பாம். எந்திரிங்க.

— இரும்மா. இந்தத் திருப்பத்தை இவன் எப்படி எடுக்கிறான்னு மட்டும் பாத்துடறேன்.

— ஏங்க, படகு.

— பாத்துட்டே இரு, பின் சக்கரம் கண்டிப்பா நடைபாதையில ஏறும்.

— ஏங்க!

— அட, ஒரு நிமிஷம்னு சொல்றேன்ல.

— சரி. இந்தாம்மா, நீ கொஞ்சம் கிட்ட வா. உன் காதுல ஒண்ணு சொல்லணும்.

— ஏறிச்சு! ஏறிச்சா இல்லையா? நான் சொன்னேனா இல்லையா?

— ம்.

— கியர் மாத்துறானா, எலியை அடிக்கிறானா? வண்டி என்ன பாடு படுது பாரு.

— ம்.

— ஐயோ, யாரோ ஒரு அம்மா கையைக் காட்டிட்டு ஓடி வருது, கண்ணாடியில பாத்தும் போறான். நானா இருந்தா நிறுத்தியிருப்பேன். என் வண்டியில ஒருத்தர் ஏறினாலும் தெரியும், இறங்கினாலும் தெரியும். எனக்கு முதுகுலயும் கண்ணு.

— ம்.

— என்ன, வெறும் ம் கொட்டுறே? திட்டலையா? கோவமா?

— ம்.

— ஏரி... போயிடுச்சா?

— ம்.

— அடடா. மறுபடியும் விட்டுட்டேனா. நான் திரும்பமாட்டேன், உன் மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்லை. இப்படியே சொல்லிடறேன், கேட்டுக்கோ. ஆட்டு மந்தை, மைக்கு, கொடி எல்லாம் சும்மா சொன்னது. எனக்கு சும்மா உக்காந்து வரத் தெரியலைம்மா. யாராவது ஓட்டினா என் கால் தானா பிரேக்கைத் தேடுது. படகுன்னா எனக்கு உள்ளுக்குள்ள உதறல். தண்ணியில எங்க பிரேக் இருக்கு? இதை உன்கிட்ட சொன்னா நீ சிரிப்பியோன்னு பயம். கேக்கிறியா?

— ம்.

— இன்னொண்ணு. நீ பக்கத்துல உக்காந்தா என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியலை. ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்குறேன், எந்திரிச்சா ஓடுறேன். எனக்குத் தெரிஞ்சது கிளட்ச்சும் பிரேக்கும்தான், அதையே பேசிப் பேசி உன்னை ஓட ஓட விரட்டுறேன். தப்பு என்னோடதுதான்.

— ம்.

— இப்படிப் பொறுமையா நீ என் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு! சரி, முடிவு பண்ணிட்டேன். அடுத்த ஸ்டாப்புல இறங்குறோம். எதிர்ப்பக்கம் பஸ் பிடிச்சு ஏரிக்குப் போறோம். ரயில் போனா போகட்டும். பின்னாடி கடைசி சீட்டுல, உன் பக்கத்துல உக்காந்து வர்றேன். படகுல உன் கையைப் பிடிச்சுட்டு தண்ணியை மட்டும் பாக்கிறேன், வாயே திறக்கமாட்டேன். என்னோட வர்றியாம்மா?

— சார், இதுக்கு நான் ம் போடக் கூடாது. அக்கா அப்பவே ஏரிக்கரையில இறங்கிட்டாங்க. “சீட்டை நீ எடுத்துக்கோ, அவர் பாட்டுக்குப் பேசிட்டு வருவார், நடுநடுவுல ம் மட்டும் கொட்டு, அவருக்கு வித்தியாசம் தெரியாது, கல்யாணம் ஆனதுலேருந்து நானும் அதைத்தான் செய்யறேன்”னு சொல்லிட்டுப் போனாங்க.