கெட்டிலைக் கொதிக்க வைப்பது யார்?

முதல் வணக்கம் இந்த மண்டபத்துக்கு. சுவரில் படங்களாக இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னோர்களுக்கு அடுத்த வணக்கம். அவர்கள் நடுவே இன்று புதிதாக வந்து அமர்ந்திருக்கும் அருட்திரு தாமிஹானா ஹோரோமோனா அண்ணனுக்கு வணக்கம். அவருடைய படத்தை வழியெல்லாம் மடியில் வைத்துச் சுமந்து, எங்கள் குலத்தின் பொதுமனையான இந்த மராய்க்குக் கொண்டுவந்திருக்கும் அவர் மனைவி மெரானியா அக்கா அவர்களே, மகள் ராஹேரா அவர்களே, அவைக்குப் பெரியவர் எருவேரா அவர்களே, பின்வாசலில் நின்று கேட்கும் சமையல் படையே! மண்ணடுப்பைத் திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது, எனக்கும் மூக்கு இருக்கிறது. சுருக்கமாகப் பேசுவேன். நம்புங்கள்!

நான் டெமுவேரா. ஹோக்கியாங்கா கடற்கழியின் இந்தக் கரையில் மின்சார வேலை பார்ப்பவன். பாதிரியாருக்கு இரங்கல் சொல்ல மின்சாரக்காரன் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் ஊர்க்காரர் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் துக்கவீட்டை மிதிக்க வேண்டும். அறை அறையாக நடந்து, ஜெபம் சொல்லி, தண்ணீர் தெளித்து, அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அந்த வீடு மறுபடியும் உயிரோடிருப்பவர்களுடையது ஆகும். இந்தப் பள்ளத்தாக்கில் தாமிஹானா அண்ணன் மிதிக்காத வீடு உண்டா? உண்டென்றால் கையை உயர்த்துங்கள்! பார்த்தீர்களா, ஒரு கை இல்லை.

ஆனால் அண்ணன் மிதித்த விதமே வேறு. கையில் ஜெபப் புத்தகம், பையில் டார்ச், பின்னால் நான். துக்கவீட்டில் விளக்கு தானாக எரிந்தது, வானொலி தானாகப் பேசியது, சுவரில் யாரோ தட்டினார்கள் என்று சொன்னால், மற்ற பாதிரியார்கள் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவார்கள். இவர் கண்ணை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறப்பார். "முதல்ல பாப்போம்" என்பார். எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் அந்த வார்த்தையை! முதல்ல பாப்போம்.

ஆற்றங்கரை விக்கிட்டோரியாவை எல்லோருக்கும் தெரியும். முகத்தை மூடாதே விக்கிட்டோரியா, நீ உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது! அவள் புருஷனை அடக்கம் செய்த வாரம், படுக்கையறைப் பலகைத் தரைக்கு அடியில் தட்டும் சத்தம். வீடே நடுங்கிப்போய் முற்றத்தில் நின்றது. அண்ணன் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றால் ஊர்ந்து தரைக்கு அடியில் போனார். போனவர் வர நேரமானது. வெளியே வந்தபோது தலை முழுக்க ஒட்டடை. "போசம்தான். மரத்த விட்டுட்டு இங்க குட்டியோட இருக்கு" என்றார். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். விக்கிட்டோரியாவுக்கு வெட்கமும் கோபமும்.

"அப்ப நான் பைத்தியக்காரி, அதானே?" என்றாள்.

"யாரு சொன்னா? சத்தம் போசம் போட்டுச்சு. அது நெசம். இத்தன வருசமா வராதது, ஆள் போன வாரம் ஏன் வந்துச்சு? அது எனக்குத் தெரியல. உள்ள வா, ஜெபம் பண்ணலாம்."

அதுதான் தாமிஹானா! காரணம் கண்டுபிடித்ததால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. காரணம் கிடைக்காததால் உடனே ஆவிதான் என்று முடிவு கட்டியவரும் இல்லை.

இதே மண்டபத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹைமோனா தாத்தாவின் படம் அடிக்கடி கீழே விழுந்தது. அடுத்த சாவுக்கு அறிகுறி என்று ஊர் அரண்டது. அண்ணன் ஏணியில் ஏறி ஆணியை ஆட்டிப் பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. இறங்கி வந்து, "பக்கத்துல மாட்டியிருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"அவரு மச்சான். ஒரு குதிரைக்காக ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் பேசிக்கல" என்றார் நம் எருவேரா.

"அப்ப எடத்த மாத்துங்கப்பா."

"என்ன பாதிரியாரே, இது வேதத்துல இருக்கா?"

"இல்ல. ஆணியிலயும் இல்ல. வேற எங்கதான் தேடுறது?"

தாத்தாவின் படத்தை இடம் மாற்றி, பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். அதோ, கதவோரத்தில். அன்றிலிருந்து அசையவில்லை. ஏன்? எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும்போது அவர் முகத்தில் எத்தனை சந்தோஷம்!

இனி, நான் இன்று பேசியே ஆகவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மெரானியா அக்காவின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

அண்ணன் மருத்துவமனையில் இருந்தபோது நானும் அருகில் இருந்தேன். "போனப்புறம் ஏதாவது சொல்லி அனுப்புவீங்களா?" என்று அக்கா விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே குரல் உடைந்தது. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது வந்தா முதல்ல இவனக் கூப்பிடு. இவன் வயரெல்லாம் பாக்கட்டும். அதுக்கப்புறம் அழு, இல்ல சிரி" என்றார்.

அவரைப் புதைத்தோம். கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது கைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். அவர் வீட்டையும் முறைப்படி மிதித்தோம். "போங்கள், ஆவிகள் கடலில் இறங்கும் வடக்கு முனைக்குப் போங்கள், கடலைக் கடந்து மூத்தோரிடம் சேருங்கள்" என்று தொண்டை வற்றும்வரை சொல்லி அனுப்பினோம். அனுப்பினோமா இல்லையா? அப்படியானால் அவர் வீட்டுக் கெட்டிலைக் கொதிக்க வைப்பது யார்?

ஆமாம், கெட்டில்தான்! பிற்பகலில், அண்ணன் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில், சமையல் மேடையில் இருக்கும் மின்சாரக் கெட்டில் யாரும் தொடாமலே கொதிக்கிறது. ஒரு நாள் அல்ல, பல நாள்.

"அம்மா, தண்ணி வத்துனா வீடே எரிஞ்சிடும். தூக்கிப் போடுங்க அத" என்றாள் ராஹேரா.

"உங்கப்பா டீ கேக்குறாரு. தூக்கிப் போடவா சொல்ற?" என்றார் அக்கா.

மகளிடம் அப்படிச் சொன்னவர் என்னிடம் வேறு சொன்னார். "டெமுவேரா, அவரு இன்னும் போகலையா? நான் அழுது அழுது அவரப் புடிச்சு வச்சிருக்கேனா?" என்றார்.

என்ன கேள்வி இது! எத்தனையோ வீட்டுக்கு ஆறுதல் சொன்ன மனிதரின் மனைவி, தன் கண்ணீரே அவருக்குக் கயிறாகிவிட்டதோ என்று பயந்து கிடந்தார்.

இன்று காலை, அக்காவும் மகளும் இங்கே வர வண்டியில் ஏறும் முன்னால், அந்தக் கெட்டிலைத் திறந்து பார்த்தேன். விடையை அண்ணன் படத்துக்கு முன்னால்தான் சொல்வேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். இதோ சொல்கிறேன். அக்கா, வயரில் பழுதில்லை. சுவிட்ச் தேய்ந்துபோயிருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. பிற்பகல் வெயில் மேற்கு ஜன்னல் வழியே அடித்ததும் பழைய ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்குகிறது, மேடை அதிர்கிறது, சுவிட்ச் தானாக நழுவிக் கெட்டில் ஓடத் தொடங்குகிறது. அவ்வளவுதான். அவர் போய்விட்டார் அக்கா. நீங்கள் அவரைப் பிடித்து வைக்கவில்லை. நிம்மதியாக அழுங்கள்.

ஆனால் முதலில் பார்க்கச் சொன்னவர் அதோடு நிறுத்தச் சொல்லவில்லையே! அந்த சுவிட்ச் ஏன் தேய்ந்தது? ஒரு பக்கம் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குக் குழிந்திருக்கிறது. உங்கள் கட்டைவிரலுக்கு அந்தக் குழி பெரிது, நான் வைத்துப் பார்க்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? என் விரலுக்கும்கூட இடம் மிஞ்சுகிறது. தினமும் வீட்டுக்குள் வந்து அங்கியைக் கழற்றும் முன்னால் உங்களுக்கு டீ போட்ட விரல் யாருடையது அக்கா?

அழுகிறீர்களா, சிரிக்கிறீர்களா? இரண்டுக்கும் அவர் அனுமதி கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

தாமிஹானா அண்ணா! போங்கள், நல்லபடியாகப் போங்கள்! இனி இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் துக்கவீட்டில் என்ன கேட்டாலும், வரப்போகும் பாதிரியாரின் பின்னால் நான் வருவேன். யாரையும் பைத்தியக்காரர் ஆக்க மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். தரைக்கு அடியில் ஊர்ந்துகூடப் போவேன், இந்தத் தொந்தியோடு!

மெரானியா அக்கா, உங்கள் சமையல் மேடையில் புதுக் கெட்டில் வைத்திருக்கிறேன். பழையதன் வயரை வெட்டி, உங்கள் அலமாரியில் வைத்துவிட்டேன். தூக்கிப் போடவில்லை. வயர் இல்லாத அந்தக் கெட்டில் என்றைக்காவது கொதித்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள். கருவிப்பையையும் எடுத்து வருவேன். கோப்பையையும் எடுத்து வருவேன்.