ரோஷன் பீ கொட்டகையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

ஆடாமல் அசையாமல் நாற்காலியை அலங்கரிக்கும் அவைத்தலைவர் ஆதிமூலம் அவர்களே! அவர் தும்மினாலும் தலையாட்டும் அன்புத் தம்பிகளே! வல்லத்திலிருந்து வண்டி கட்டியும், சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்தும் செஞ்சி வந்து சேர்ந்த செம்மண் கால்களே! முந்தானையால் வாய்மூடிச் சிரிக்கும் தாய்மார்களே! மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தப் பச்சைமுத்துவின் முதல் வணக்கம்.

சிரிச்சிக்குங்க. கொஞ்ச நேரத்துல நானே நிறுத்திடுவேன்.

நம் ரோஷன் பீயின் பிளாஸ்டிக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். அதில் முளைத்த மிளகாய் நாற்றுதானே உங்கள் கொல்லையில் காய்த்தது? அதில் வளர்ந்த தக்காளி நாற்றுதானே தலைவர் வீட்டு ரசத்தில் கொதித்தது? போன வருஷம் அந்த நாற்றில் வெள்ளை ஈ விழுந்தது. இலைக்கு அடியில் செம்பேன் ஏறியது. அவள் வீட்டுக்காரர் கௌஸ் பாஷா மருந்து மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நாலு பக்கமும் மூடிய கொட்டகை! காற்று வர வழியுண்டா? நெடி வெளியேற வழியுண்டா? நடந்து போன மனுஷனை நாம் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

"இனிமே அந்த வெஷம் என் வாசப்படி ஏறக்கூடாது"ன்னுட்டா ரோஷன் பீ. இந்த வருஷம் மறுபடியும் ஈயும் பேனும் வந்ததும், வேளாண்மை ஆபீசர் அவளுக்குச் சில பாட்டில்கள் கொடுத்தார். உள்ளே என்ன? வேகவைத்த அரிசி மேல் வெள்ளை வெளேரென்று பூசணம்!

"இன்னா சார், ஊசிப்போன சோத்தைக் குடுக்கறீங்க?" என்றேன்.

"பெரியவரே, இது பூச்சியைத் தின்னுற பூசணம். தண்ணில கரைச்சி அடிச்சிட்டு, கொட்டகையை ஈரம் காயாம வெச்சிக்குங்க" என்றார்.

யாரப்பா அது, தனகோட்டியா? "பூசணம் பூச்சியைத் தின்னுமா தாத்தா"ன்னா கேக்கறே? உன் தலையில ஒரு கைப்பிடி போட்டா அங்க இருக்கறதுங்களே பதில் சொல்லும்டா!

தின்றது ஐயா, தின்றது! ஈ செத்தது; செத்த ஈ மேல் பஞ்சு பூத்தது. பேன் செத்தது; செத்த பேன் மேலும் பஞ்சு பூத்தது. இலை பிழைத்தது. அவள் முகமும் கொஞ்சம் பிழைத்தது.

அப்புறம்தான் நல்லவர்கள் நாம் வந்தோம்.

கௌஸ் பாஷா இறந்து வருஷம் ஆனதால், அவருக்காகப் பாத்திஹா ஓதத் திண்டிவனம் போயிருந்தாள் ரோஷன் பீ. நாற்றைப் பார்த்துக்கொள்ளக் குஞ்சம்மாளும் தெருப் பெண்களும் கொட்டகைக்குள் போனார்கள். இலையெல்லாம் வெள்ளைப் பொரி!

"அடியே, ஆத்தா எறங்கிட்டாடி! பயிருக்கு அம்மை போட்டிருக்குது!"

அவ்வளவுதான். குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர்! கொத்துக் கொத்தாய் வேப்பிலை! ஓர் இலை விடாமல் குளிப்பாட்டினீர்கள். தாய்மார்களே, ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்க எதைப் போடுகிறீர்கள்? சத்தமா சொல்லுங்க... ம். மஞ்சள்.

பூசணம் செத்தது. ஈ திரும்பியது. பேன் திரும்பியது. திரும்பி வந்த ரோஷன் பீ இன்னா சொன்னா தெரியுமா? "நல்லதுன்னு நெனைச்சிதானே செஞ்சாங்க, பெரியப்பா." திட்டியிருந்தா தேவலை!

இன்று காலை அவளைப் பார்த்தேன். கௌஸ் பாஷாவின் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"நாத்து போச்சின்னா சோறு ஏது பெரியப்பா? நாளைக்கு நானே உள்ள போயி அடிச்சிடறேன்."

நாளைக்கு! அதே மெஷின்! அதே மூடிய கொட்டகை! இன்னொரு முறை தூக்க எத்தனை பேர் வருவீர்கள்? எல்லோரும் வருவீர்கள். தூக்குவதில் நம்ம ஊர் கெட்டி.

ஆபீசரிடம் ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. அதை அரிசியில் வளர்த்துப் பெருக்க வேண்டும். அதுவரைக்கும் ஈரத்துணியால் ஈயையும் பேனையும் இலை இலையாகத் துடைத்து எடுக்க ஆள் வேண்டும். விடிந்ததும் வேண்டும். அவள் மெஷினை மாட்டுவதற்கு முன்னால் வேண்டும். யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள்!

தட்டச் சொல்லலை சாமி. தூக்கச் சொன்னேன்.

தலைவரே, உங்க கை துண்டுக்குள்ள மாட்டிக்கிச்சா? தனகோட்டி, எங்கடா நழுவறே?

அதோ... கடைசி வரிசையில். யாரு, குஞ்சம்மாளா? அழாதே தாயி. கையை மட்டும் கீழ எறக்காதே, எல்லாரும் பாக்கட்டும்.

ஒரு கை. கொட்டகை நிறைய இலை.

மாலை போட்ட தலைவருக்கு நன்றி. மைக் செட்டுக்கு நன்றி. தட்டிய கைகளுக்கெல்லாம் நன்றி. தூக்கிய அந்தக் கைக்கு மட்டும் என் வணக்கம்.