ஒரு விருந்தாளிக்கு மட்டும்

இந்தக் காபி நன்றாக இருக்கிறது. இலவசம் என்பதால் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டால், ஆமாம், அதனால்தான். காசு கொடுத்து வாங்கிய காபி எனக்குத் தொண்டையில் இறங்காது. என் குணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதிக்கொள்வது உங்களுக்குச் சுலபம், அதிகாரி அம்மா.

என் பெயர் ஸ்டைனார். பெர்கனில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எது குறுக்குவழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விடுமுறை வந்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோலப் பறப்பவன். எங்கள் விமானக் கம்பெனி, ஒருவர் வருடத்தில் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று எண்ணும். கணக்குத் தேறினால் தங்க அட்டை. தேறாவிட்டால் டிசம்பர் முடிந்ததும் வெள்ளிக்கு இறக்கிவிடுவார்கள். தங்க அட்டை இருந்தால் விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற ஓய்வறையில் சாப்பாடு, நாற்காலி, மரியாதை எல்லாம் சும்மா. உள்ளே ஒரு விருந்தாளியையும் அழைத்துப்போகலாம். ஒருவர் மட்டும்.

இதற்காக நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. கோபன்ஹேகனுக்குப் போய் இறங்கி, அதே விமானத்தில் திரும்பி வந்திருக்கிறேன். அந்த விமானப் பணிப்பெண் என்னைப் பார்த்து, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று அக்கறையாகக் கேட்டாள். ஹோட்டல் புள்ளிகள் காலாவதியாகக் கூடாதென்று, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஹோட்டலில் தனியாகப் படுத்திருக்கிறேன். எங்கள் குளியலறையில் இருக்கும் குட்டிச் சோப்புகளை வைத்துக் கடையே போடலாம். என் மனைவி யோருன் அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டவள். குடும்பக் கணக்கில் இருவர் சேர்ந்தால் புள்ளி கூடும் என்று நான் சொன்ன மாதத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. "என்னக் கட்டிக்கிட்டியா, என் பாயிண்டக் கட்டிக்கிட்டியா?" என்று இன்றைக்கும் கேட்பாள். நான் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்துத்தான் அவளுக்குச் சிரிப்பே வரும்.

அவளுடைய அப்பா ஹால்வோர், ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடல் கழியில், படகுப் பணியாளராக இருந்தவர். படகு கரை சேர்ந்ததும் பயணிகளை வரிசையாக இறக்கிவிட்டு, கடைசி ஆளோடு தானும் இறங்குவது அவர் வேலை. இரண்டு வருடமாக நினைவு தப்பித் தப்பி வருகிறது. மகள் பெயர் சில நாள் மறந்துபோகும். ஆனால் மூட்டை முடிச்சோடு பத்துப் பேர் ஒரே பக்கமாக நடந்தால் போதும், தானும் எழுந்து பின்னால் போய்விடுவார். இது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இந்த ஊரில் மச்சான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. பெர்கனிலிருந்து ட்ரோம்ஸோவுக்கு நேராகவே விமானம் உண்டு. திரும்புவது ஜனவரியில். டிசம்பருக்குள் எனக்குத் தங்கம் தேற இன்னும் இரண்டு முறை ஏற வேண்டியிருந்ததால் ஓஸ்லோ வழியாக டிக்கெட் போட்டேன்.

"வயசான மனுஷன ஏன் அலைக்கழிக்கிற?" என்றாள் யோருன்.

மாமனாருக்கு அன்று தெளிவான நாள். "விடும்மா," என்றார். "நேராப் போற படகுல ஏறினா மாப்ளைக்குத் தலை சுத்தும்."

நானும் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓஸ்லோவில் லவுஞ்ச் வாசலில் சிக்கல் வந்தது. நாங்கள் மூன்று பேர். வரவேற்பில் இருந்த பெண் மிகப் பணிவாக, ஒரு விருந்தாளிதான் சார் என்றாள். நான் அப்பாவோடு வெளியே உட்காருகிறேன், நீ போய்ச் சாப்பிடு என்றாள் யோருன். அப்படிச் செய்தால் விருந்தாளி இடம் வீணாகும். அப்பாவை உள்ளே கூட்டிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் எங்கே போனாலும் வீட்டில் கட்டிய ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் சாப்பிடுவார். லவுஞ்சுக்குள் அதைப் பிரிப்பதைப் பார்க்க என்னால் முடியாது. ஆக, எதிரே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். மடியில் பொட்டலம், பக்கத்தில் ஃப்ளாஸ்க். வியர்க்கிறது என்றார். கோட்டைக் கழற்றி வாங்கி உள்ளே கொண்டுபோய் மாட்டினேன். கோட்டை விருந்தாளிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"இங்கயே இருங்க மாமா. கூப்பிட வருவேன்."

"நீ வராம எங்க போவ? என் கோட்டு உன்கிட்ட இருக்கே," என்றார்.

உள்ளே வாஃபிள் அப்பம் சுடும் அச்சு ஒன்று இருக்கிறது. நாமே மாவை ஊற்றி மூட வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே ஆட்கள் நடக்கும் பாதை. நான் மாவை ஊற்றிவிட்டு நிற்கையில், கானரித் தீவு வெயிலில் வெந்து சிவந்து திரும்பிய கூட்டம் ஒன்று ஓலைத்தொப்பியும் பெட்டியுமாக வெளிவாசல் பக்கம் போனது. அதன் வாலில் ஒரு வெள்ளைத் தலையும் நீலக் கம்பளிச் சட்டையும் போயின. கடைசி ஆளோடு, ஒழுங்காக.

ஆமாம், பார்த்தேன். யாரோ ஒரு வயதானவர் என்று நினைத்ததாக நீங்கள் முதலில் கேட்டபோது சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அந்தச் சட்டையைப் பின்னியது யோருன்.

அச்சில் பச்சை விளக்கு இன்னும் வரவில்லை. வாஃபிளை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் வெளிவாசலைத் தாண்டிவிட்டால் மறுபடி சோதனை வரிசையில் நிற்க வேண்டும், பண்டிகைக் கூட்டம், விமானம் போய்விடும். வருடக் கடைசி வரை எல்லா விமானமும் நிரம்பிவிட்டது. அந்த இரண்டாவது ஏற்றம் இல்லாவிட்டால் நான் வெள்ளி. இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. பள்ளியில் என்னை மந்தம் என்பவர்கள் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். வாஃபிளில் ஜாமும் பழுப்புச் சீஸும் வைத்து யோருனுக்குப் பாதி கொடுத்தேன்.

"அப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வர்றியா?" என்றாள்.

போனேன். பெஞ்சில் ஃப்ளாஸ்க் மட்டும் இருந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சக்கர நாற்காலி ஆட்கள் அவரை அழைத்துப் போகிறார்கள், முதலில் ஏற்றிவிடுவார்களாம் என்றேன். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விமானத்தில் பின்படி வழியாக ஏறச் சொன்னார்கள். நீ முன்னால் போ என்று யோருனை அனுப்பிவிட்டு, வாசலில் இருந்த பையனிடம் நின்றேன். இன்னொருவர் எங்கே என்று கேட்டான். அவன் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிவிட்டால் தேடத் தொடங்குவார்கள், விமானம் நிற்கும், யோருன் இறங்குவாள். அதனால், மாமனார் ஓஸ்லோவிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார், அவர் வரவில்லை என்றேன். நல்ல கிறிஸ்துமஸாக அமையட்டும் சார் என்று சொல்லி அவர் பெயரைப் பயணிகள் பட்டியலிலிருந்து நீக்கினான். அதன் பிறகு யாரும் அவரைத் தேடவில்லை. தேட வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அப்பாவுக்கு முன்வரிசை கொடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"நெசமாவா? பாவம், வாழ்க்கையில முதல் தடவையா முன்னாடி உக்காந்திருக்காரு," என்றாள். பிறகு என் மடியைப் பார்த்து, "அவரு கோட்டு ஏன் உன்கிட்ட இருக்கு?"

"உள்ள சூடா இருக்காம்."

இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டை மடியில் வைத்திருந்தேன். சக்கரம் தரை தொட்டதும் கைப்பேசியில் செய்தி வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்குத் தங்கம். பெயருக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. எதற்கு என்று கேட்காதீர்கள்.

யோருன் முன்வாசல் படியருகே போய் நின்று, கடைசி ஆள் இறங்கும் வரை சிரித்த முகமாகக் காத்திருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. உங்கள் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தது அவள்தான்.

அவர் ஓஸ்லோவில் பேருந்து நிறுத்தப் பெஞ்சில், பனியில், உட்கார்ந்தபடியே இறந்திருந்தார் என்று சற்றுமுன் வாசித்தீர்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் ஏறச் சொல்லியும் மறுத்தாராம். "மாப்ள கோட்டு எடுத்துட்டு வருவான்" என்றாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. கோட்டை நான் பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் வந்தேன். இங்கே, ட்ரோம்ஸோவுக்கு.

விசாரணைக்கு என்னை ஓஸ்லோ கொண்டுபோவீர்கள் போலிருக்கிறது. டிக்கெட் போடும்போது என் உறுப்பினர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள், அடுத்த வருடக் கணக்குக்கு ஆகும். திரும்பி வரும்போது உங்களுக்கு லவுஞ்சில் நான் காபி வாங்கித் தருகிறேன். உங்களோடு இன்னோர் அதிகாரியும் வருவதாக இருந்தால், அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும். அவர் கோட்டை நான் உள்ளே மாட்டி வைக்கிறேன்.