பழைய சர்வருக்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜைக்குச் சந்தனம் குழைப்பதில் எங்கள் ஆபீஸில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தண்ணீர் கூடினால் வழியும், குறைந்தால் காய்ந்து உதிரும். சர்வருக்கு வைக்கும் பொட்டு வழியவே கூடாது. அதனால் வருஷா வருஷம் அதற்கு நான்தான் வைப்பேன்.

ஐயா, கம்பைநல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மாங்கூழ்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றாலே மாதவராஜ்தான். அது நான். அந்த சர்வர் எப்போது படுத்துக்கொள்ளுமோ என்று பயந்தே எனக்குத் தலை நரைத்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட போன் வரும், பாதியில் எழுந்து ஓடுவேன். குறை சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சாப்ட்வேர் லைசன்ஸுக்குக் கொட்டி அழுதது போதும், எல்லாவற்றையும் இலவச லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்றார் முதலாளி குப்புராஜ். தர்மபுரியிலிருந்து ஜாஸ்மின் என்ற பெண்ணை அதற்கு வரவழைத்தார். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். மாற்றி முடித்துவிட்டால் சர்வருக்கென்று தனி ஆள் வேண்டியதில்லை என்று அவள் அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உடனே தலையாட்டியதுதான் வலித்தது.

பழைய சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று ஜாஸ்மின் கேட்டாள். மெயில், பில்லிங், வருகைப்பதிவு என்றேன். குளிர்கிடங்கின் அமோனியா அலாரத்தைச் சொல்லவில்லை. குளிரூட்ட ஓடும் அந்த விஷ வாயு கசிந்தால் மெஷின் ரூம் ஆட்களின் மொபைலுக்கு மெசேஜ் போகும். நானே எழுதிய புரோகிராம். அந்த அறையில் எப்போதுமே கொஞ்சம் நெடி அடிக்கும். அதனால் அங்கே மூக்கை யாரும் நம்புவதில்லை, மொபைலைத்தான் நம்புவார்கள்.

ஆயுதபூஜையன்று பழையதை அணைப்பது, விஜயதசமியன்று புதியதைத் தொடங்குவது என்று நாள் குறித்தார்கள். பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நானே அணைத்தேன்.

அலாரம் இல்லை என்று முதலாளிக்கு உறைக்க வேண்டுமானால், அது அடிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா. எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போயிருந்தார்கள். நான் மெஷின் ரூமுக்குப் போய் ஒரு வால்வைத் திறந்துவிட்டேன். கொஞ்சம்தான். உள்ளே யாரும் இல்லை. கூழ் கெடும், முதலாளி பதறுவார், என்னைக் கூப்பிடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஆபரேட்டர் முனியப்பன் இண்டூரிலிருந்து பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தான். தன் கம்ப்ரஸருக்கு வேறு யாராவது பொட்டு வைத்தால் அவனுக்கு மனசு ஒப்பாது. என்னிடம் சந்தனம் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவனை வெளியே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

அவன் மனைவி தீர்த்தம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஆவாதுங்க மாதவராஜ்" என்றார். புது சர்வரிலும் அலாரத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். லினக்ஸ் நல்லதுதான் ஐயா, தொந்தரவே இல்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. முனியப்பன் நேராக உள்ளே போகவில்லை. மெஷின் ரூம் கதவைத் திறந்து முகத்தைச் சுளித்தான். மொபைலை எடுத்துப் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"நெடி தூக்கலா இருக்குதுங்கண்ணா. மெசேஜ் ஒண்ணும் வரல. அலாரம் ஓடுதுங்களா?"

ஓடவில்லை என்று சொல்லியிருந்தால் நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லியிருப்பான். ஏன் அதை ஜாஸ்மினிடம் சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள்.

"ஓடுது முனியப்பா, போ" என்றேன்.

இத்தனை வருஷ வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.