கிணற்றுக்குள் கிடந்த சுடுமண் பெண்

உங்கள் பிளேன்ரீயில் சீனி கூடிப்போய்விட்டது, தம்பி. பரவாயில்லை, குடிக்கிறேன். ஓய்வுபெறும்வரை கல்லடியில் வரலாறு படிப்பித்தவள் நான். என் பாடத்தில் நித்திரை கொண்ட பிள்ளைகள்தான் இன்று பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள். பொறுமை எனக்குப் பழகிப்போன ஒன்று.

நீங்கள் விசாரிக்கிற இளையதம்பி நல்ல மனிதர். வாகரைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர். இந்தப் பக்கம் வந்தால் எனக்குச் சோளன் கொண்டுவந்து தருவார். போன மாதம் வந்தவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். புதிதாகத் தோண்டும் கிணற்றின் பக்கச் சுவரில் சுடுமண் பெண்ணுருவம் ஒன்று பாதி வெளியே தெரிந்தது.

"அம்மன் வெளிப்பட்டிரிக்கா ரீச்சர். மனிசி மஞ்சள் பெயின்ற் வாங்கி வெச்சிரிக்கா. வெள்ளிக்கிழம எடுத்துப் பூசிப் பூசை வெக்கப் போறம்."

மஞ்சள் பெயின்ற். ஈராயிரம் வருடமாக மண் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள். பிறகு எண்ணெய், பால், குங்குமம், கடைசியில் ஒலிபெருக்கி. அரசாங்கத்துக்கு அறிவித்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். குழு ஒன்று போட்டு அது வந்து சேர்வதற்குள் இவர்கள் கோபுரமே கட்டியிருப்பார்கள்.

வியாழக்கிழமை என் ஸ்கூட்டியில் போனேன். பூசைச் சாமான் வாங்க அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை ஓட்டமாவடிக்குப் போயிருந்தார். அம்மனை முறைப்படி கழுவித் தருகிறேன் என்றேன். இளையதம்பிக்கு முகமெல்லாம் சந்தோஷம். படித்தவர்கள் சொன்னால் இவர்கள் எதையும் நம்புவார்கள்.

மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். உருவத்தை மெதுவாகக் கிளப்பி, பழைய சாரத் துணியால் சுற்றி, அதே கயிற்றில் கட்டிவிட்டார். நான் இழுத்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மணற்சுவர் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நெஞ்சுவரை புதைந்து நின்றார்.

"ரீச்சர், அம்மன அங்கால வெச்சிப்போட்டுக் கயித்தப் போடுங்க."

உருவத்தைப் புல்லில் வைத்துச் சாரத்தை விலக்கினேன். என் வீட்டிலிருந்து பொலிஸ் ஜீப்பில் ஏற்றும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஆனால் என்ன கண்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. கொண்டைக்குப் பின்னால், ஈரமண்ணில் அழுத்திய பெருவிரல் அடையாளம் ஒன்று இருக்கிறது. ரேகைகூட அழியவில்லை. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது. கல்நெஞ்சக்காரி என்று வெளியே சொல்கிறார்களாம். சொல்லட்டும்.

"ரீச்சர், பக்கத்துச் சேனையில ஆக்கள் நிக்காங்க. ஒருக்காக் கூப்பிட்டு விடுங்க."

கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். அவரைத் தூக்குவார்கள், அதற்குப் பிறகு அம்மனையும் தூக்குவார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவார்கள். இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. சேனை செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியொரு உருவம் இந்த மாவட்டத்தில் வேறு கிடையாது.

அவர் பின்னேரம்வரை உயிரோடு இருந்திருக்கிறார், மண் மெதுமெதுவாகத்தான் மூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் வெளிக்கிடும்போது தெளிவாகத்தான் பேசினார். கோபம்கூட இல்லை.

"போயிட்டீங்களா ரீச்சர்?"

கேட்டது. ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

கயிறு எங்கே என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள். மரத்திலிருந்து நான்தான் அவிழ்த்தேன். அந்த ரோட்டில் குழிகள் அதிகம். ஸ்கூட்டியில் கட்டாமல் கொண்டுபோனால் உருவத்தின் கழுத்து முறிந்திருக்கும்.

இலட்சுமிப்பிள்ளை வெளியே இருந்து அழுகிற சத்தம் கேட்கிறது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள், அம்மனில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று. கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.